கூலி யார் கொடுப்பது? ரோமில் ஆறு நாள்

நாள் 1: ஃபோரம்

காலை 9 மணிக்கு முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள். ஃபோரம் என்பது பழைய ரோமின் பொதுச் சதுக்கம். அங்கே நிழல் குறைவு, வெயில் ஏறினால் தரையில் பாவிய கருங்கல் அடுப்புக்கல் மாதிரி கொதிக்கும். நுழைவுச்சீட்டு கொலோசியத்தோடு சேர்த்து 18 யூரோ, 24 மணி நேரம் செல்லும். ஆனால் ஃபோரத்துக்குள் ஒருமுறைதான் விடுவார்கள். சாப்பிட வெளியே வந்தால் கதை முடிந்தது. குடிநீருக்குக் கவலை இல்லை, உள்ளேயே குழாய் உண்டு.

நேராக, ரோமின் மூத்தோர் அவையான செனட் கூடிய மண்டபத்துக்குப் போகலாம். கூரியா யூலியா என்று பெயர். சீசர் தொடங்கி, அகஸ்டஸ் கி.மு. 29-இல் திறந்துவைத்தது. இப்போது நிற்பது கி.பி. 283 தீ விபத்துக்குப் பிறகு டயோக்ளீஷியன் எடுத்துக்கட்டியது. ஏழாம் நூற்றாண்டில் தேவாலயமாக மாற்றியதால்தான் இடியாமல் பிழைத்தது. உட்புறம் ஏறக்குறைய 25 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், உயரம் 21. இரு பக்கமும் மும்மூன்று அகலப் படிகள். அவற்றில்தான் நாற்காலிகளைப் போட்டார்கள். நெருக்கிப் போட்டாலும் சுமார் 300 பேர்தான் உட்காரலாம். படைத்தலைவர் சுல்லா செனட்டை ஏறத்தாழ 600 பேராகப் பெருக்கினார், சீசர் 900 ஆக்கினார். எல்லோரும் வந்தால் உட்கார இடமில்லாத சபை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எல்லா நாளும் விடுவதில்லை, எந்த நாள் திறப்பு என்று பார்த்துவிட்டுச் சீட்டு எடுங்கள்.

இந்தப் பயணத்துக்கு ஒரு பழைய கேள்விதான் வழித்துணை: குடியரசு தடுமாறும்போது வருகிற படைத்தலைவர் அதைத் தூக்கி நிறுத்துவாரா, புதைத்துவிடுவாரா? ரோமானியர்களிடம் இதற்குச் சட்டப்படியே ஒரு ஏற்பாடு இருந்தது. 'டிக்டேட்டர்' என்பது அன்று வசைச்சொல் அல்ல, பதவியின் பெயர். செனட் கேட்டுக்கொள்ள, ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரு உச்சப் பதவியாளர்களான கான்சல்களில் ஒருவர் அவரை நியமிப்பார். பதவிக்காலம் அதிகபட்சம் 6 மாதம். கி.மு. 458-இல் நியமிக்கப்பட்ட சின்சின்னாட்டஸ் 16-ஆம் நாளே பதவியை விட்டுவிட்டு ஏர் பிடிக்கப் போனார் என்பது மரபுக் கதை. கதை பாதி கட்டுக்கதையாகவே இருக்கட்டும். அந்த ஏற்பாடு ஏன் வேலை செய்தது என்பதற்கான காரணம் அதிலேயே இருக்கிறது. அவர் மட்டுமல்ல, அவருடைய வீரர்களும் ஏர் பிடிக்கப் போனார்கள். ஒவ்வொருவனுக்கும் ஊரில் சொந்த நிலம் இருந்தது. சொத்தில்லாதவனைப் படையில் சேர்ப்பதில்லை என்பதுதான் விதி.

அந்த விதி சிறுகச் சிறுகத் தளர்ந்தது. கி.மு. 107-இல் மாரியஸ் என்ற தளபதி சொத்துக் கணக்கே பார்க்காமல் ஆளெடுத்தார். இதைப் 'பெரும் சீர்திருத்தம்' என்று பாடப்புத்தகங்கள் சொல்வது மிகை. தகுதி வரம்பை அதற்கு முன்பே பலமுறை இறக்கியிருந்தார்கள். ஆனாலும் விளைவு ஒன்றுதான். போர் முடிந்தால் திரும்பிப் போக நிலமில்லாத ஆயிரக்கணக்கான ஆட்கள். அவர்களுக்கு என்ன கொடுப்பது என்று சட்டத்தில் ஒரு வரி இல்லை. தளபதி வாங்கிக்கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கிளம்பும் முன் கூரியாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பேரரசர் செவரஸின் வளைவின் மேற்கல்வெட்டைப் பாருங்கள். நான்காம் வரியில் எழுத்துகளைச் செதுக்கி எடுத்துவிட்டு வேறு சொற்களைப் பதித்திருப்பது தெரியும். செவரஸின் மூத்த மகன் கொன்ற தம்பி கெட்டாவின் பெயர் இருந்த இடம் அது. அந்தக் குடும்பம் கடைசி நாளில் வரும்.

நாள் 2: கொல்லினா வாயில், பெல்லோனா கோயில்

தெர்மினி நிலையத்திலிருந்து 10 நிமிட நடையில் செத்தெம்பிரே சாலையில் நிதி அமைச்சகக் கட்டடம். கொல்லினா வாயில் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. 1870-களில் அமைச்சகம் கட்டும்போது அடித்தளம் வெளிப்பட்டது. இன்று பார்க்க ஒன்றுமில்லை. கி.மு. 82 நவம்பர் 1 அன்று சுல்லா உள்நாட்டுப் போரை முடித்த களம், இப்போது வரி வசூலிக்கும் அலுவலகம். இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் யாரும் யோசித்திருக்க முடியாது. ஏன் என்பது ஐந்தாம் நாள் தெரியும்.

சுல்லாவின் கதை ஆறு ஆண்டுக்கு முன் தொடங்குகிறது. கி.மு. 88-இல் அவர் கான்சல். கிழக்கே பொண்டஸ் அரசன் மித்ரிடாட்டிஸ் மீதான போர் அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சுல்பீசியஸ் என்ற ட்ரிப்யூன் (பொதுமக்கள் சார்பில் தேர்ந்தெடுக்கப்படும் பதவி) சட்டம் போட்டு அதை மாரியஸுக்கு மாற்றினார். சுல்லா நோலாவில் முகாமிட்டிருந்த 6 லீஜியன் படைப்பிரிவுகளிடம் போய்ப் பேசினார். ரோம் மீது படையெடுப்பது என்றதும், குவெஸ்டர் என்ற நிதி அதிகாரி ஒரே ஒருவரைத் தவிர அதிகாரிகள் அத்தனை பேரும் அவரை விட்டுப் போய்விட்டார்கள். சாதாரண வீரர்கள் ஒருவரும் போகவில்லை. வரலாற்றாசிரியர் அப்பியான் காரணத்தையும் சொல்லிவிடுகிறார்: கொள்ளைப்பொருள் கொழிக்கும் கிழக்குப் போருக்கு மாரியஸ் வேறு ஆட்களைக் கூட்டிப்போய்விடுவாரோ என்ற பயம். அதிகாரிகளுக்குக் குடியரசில் பங்கு இருந்தது. வீரனுக்கு இருந்த பங்கு சுல்லா மட்டும்தான்.

அங்கிருந்து பேருந்தில் மார்செல்லஸ் அரங்கத்துக்கு வாருங்கள். உயர்ந்து நிற்கும் மூன்று தூண்கள் அப்பல்லோ கோயிலுடையவை. எல்லோரும் அதைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதை ஒட்டித் தரைமட்டமாகக் கிடக்கும் மேடைதான் பெல்லோனா கோயில். வெற்றிக்குப் பிறகு சுல்லா செனட்டை இங்கே கூட்டினார். அதே நேரத்தில் அருகில் சிறைபிடிக்கப்பட்ட சுமார் 6,000 பேரை வெட்டத் தொடங்கினார்கள். அலறல் கேட்டு செனட்டர்கள் திடுக்கிட, பேச்சைக் கவனியுங்கள், வெளியே சில குற்றவாளிகளுக்குப் புத்தி சொல்கிறார்கள், அவ்வளவுதான் என்றார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார்.

பிறகு, கொல்லப்படவேண்டியவர்களின் பட்டியல்கள். முதலில் 80 பெயர், ஒருநாள் விட்டு 220, மறுநாள் இன்னும் 220. தலையைக் கொண்டுவருபவருக்கு 2 டாலென்ட், அதாவது 12,000 டெனாரியஸ் வெள்ளிக்காசு. கொல்லப்பட்டவர் சொத்து ஏலத்துக்கு. அரசியலுக்கே சம்பந்தமில்லாத குவின்டஸ் அவ்ரேலியஸ் என்பவர், யார் பெயர் இருக்கிறது என்று வேடிக்கை பார்க்க வந்து தன் பெயரையே படித்தார். "ஐயோ, ஆல்பாவில் இருக்கும் தோட்டமே என்னைக் கொன்றுவிட்டதே" என்றாராம். சற்று தூரம் போவதற்குள் ஆள் முடிந்தது.

இவ்வளவையும் செய்தவர் தன்னைக் குடியரசின் காவலர் என்று உண்மையாகவே நம்பினார். 120 ஆண்டுகளாக யாரும் வகிக்காத டிக்டேட்டர் பதவியை எடுத்து, கால வரம்பை நீக்கி, அரசமைப்பைத் திருத்தி எழுதினார். குவெஸ்டர் ஆக வயது 30, நீதி அதிகாரியான பிரீட்டர் ஆக 39, கான்சல் ஆக 42. ட்ரிப்யூன்களின் கையைக் கட்டினார். அந்தப் பதவிக்குப் போனவன் வேறு பதவிக்கு வர முடியாது என்றார். மாகாண ஆளுநர் படையோடு தன் எல்லையைத் தாண்டினால் தேசத்துரோகம் என்று சட்டம் செய்தார். வேலை முடிந்தது என்று பதவியை உதறிவிட்டு, கி.மு. 78-இல் பொட்ஸுவோலிப் பக்கம் தன் வீட்டில் இறந்தார்.

'திருத்திவிட்டுப் போய்விடுவேன்' என்று சொல்லும் தளபதிகள் நம் காலத்திலும் உண்டு. பாகிஸ்தானில் ஜியா 1977 ஜூலையில் 90 நாளில் தேர்தல் என்றார், 11 ஆண்டு இருந்தார். பிரான்சில் டி கால் 1958-இல் 6 மாத முழு அதிகாரம் வாங்கி, அதற்குள் புது அரசமைப்பை வாக்கெடுப்புக்கு விட்டு, 1969-இல் வேறொரு வாக்கெடுப்பில் தோற்றதும் வீட்டுக்குப் போனார். சுல்லா இரண்டுக்கும் நடுவில். சொன்னபடி போனார். ஆனால் தான் வந்த வழியை அடைக்காமல் போனார்.

நாள் 3: பலெஸ்திரினா

மெட்ரோ ஏ வழித்தடத்தின் கடைசி நிலையமான அனாஞ்ஞினாவிலிருந்து கோத்ரல் பேருந்து. சீட்டை ஏறும் முன்பே புகையிலைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏறியதும் முத்திரை குத்த மறக்காதீர்கள். ஞாயிறன்று போகவேண்டாம், திரும்பி வரப் பேருந்து அரிது. ரோமுக்குக் கிழக்கே சுமார் 35 கி.மீ. தான், ஆனால் அருங்காட்சியகம் மலைச்சரிவின் உச்சியில். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துச் செல்லவும்.

அன்று இதன் பெயர் ப்ரைநெஸ்டே. மாரியஸின் மகன் இங்கே முற்றுகையில் சிக்கி மடிந்தார். சரணடைந்த ஊரில் ஆண்கள் 12,000 பேரைக் கொன்றதாக புளூட்டார்க் கணக்கு. காலியான நிலத்தைச் சுல்லா தன் வீரர்களுக்குப் பிரித்துக்கொடுத்தார். இத்தாலி முழுக்க 23 லீஜியன்களுக்கு இப்படி நிலம் கொடுத்தார் என்கிறார் அப்பியான்.

ஆக, சுல்லாவும் ஓய்வூதியம் கொடுத்தவர்தான், அடுத்தவன் நிலத்தில். அந்த ஏற்பாடும் நிற்கவில்லை. விற்கக்கூடாது என்று கொடுத்த துண்டுகள் கைமாறின. 20 ஆண்டு கூட ஆகாத கி.மு. 63-இல், ப்ரைநெஸ்டே நிலம் முழுக்க ஒரு சிலர் கையில் இருக்கிறது என்று கான்சல் சிசரோ பேசுகிறார். இருபது வருடம் ஈட்டி பிடித்தவனுக்கு விதைநெல்லுக்கும் மாட்டுக்கும் முதல் ஏது? கடன்பட்டான். ரோமுக்கு வடக்கே எத்ருரியாவில் கடனில் மூழ்கிய சுல்லாவின் பழைய வீரர்கள்தான் அதே ஆண்டில் ஆட்சியைக் கவிழ்க்க நடந்த கேட்டிலைன் கலகத்துக்கு ஆள்பலம் ஆனார்கள். நிலம் பறிபோனவர்களும் அதே முகாமில் வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் கொடுமை.

அருங்காட்சியகத்தில் நைல் நதிப் பளிங்கோவியம் ஒன்று இருக்கிறது. அதற்காக மட்டுமே கூட வரலாம்.

நாள் 4: ரிமினி, ரூபிகான்

தெர்மினியில் விரைவு ரயில் ஏறி போலோன்யாவில் மாறினால் ரிமினி. அங்கிருந்து சவிஞானோ சுல் ருபிகோனேவுக்கு உள்ளூர் ரயிலில் கால் மணி நேரம். நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்தால் மூன்று வளைவுள்ள கல்பாலம். போரில் தகர்க்கப்பட்டு, மறுபடி எழுப்பியது.

ஆற்றைப் பார்த்ததும் ஏமாறுவது உறுதி. நம்மூரில் இதை வாய்க்கால் என்போம். அதைவிட, இதுதான் ரூபிகானா என்பதே வழக்கு. உசோ, பிஷதெல்லோ என்று இன்னும் இரண்டு ஆறுகள் போட்டியில். இந்த ஆற்றின் பெயர் ஃபியுமிசினோ என்றுதான் இருந்தது. 1933-இல் முசோலினி ஆணையிட்டு ருபிகோனே ஆக்கினார். சீசர் கடந்த ஆறு தனக்கு வேண்டும் என்று தேடிப்பிடித்தவரும் ஒரு பலசாலித் தலைவர்தான்.

கி.மு. 49 ஜனவரியில் சீசர் இங்கே நின்றபோது கையில் ஒரே ஒரு லீஜியன், பதின்மூன்றாவது. தன் மாகாண எல்லையான இதைப் படையோடு தாண்டுவது எந்தச் சட்டப்படி குற்றம்? சுல்லா எழுதிய அதே சட்டப்படி. எழுதியவரே அதை மீறிக் காட்டிவிட்டு எழுதியது.

ஏன் தாண்டினார் என்பதற்கு 13 ஆண்டு பின்னால் போகவேண்டும், இத்தாலியின் இதே கரையின் தென்கோடிக்கு. கி.மு. 62 இறுதியில் பாம்பீ கிழக்கை வென்று பிரிந்திசித் துறைமுகத்தில் இறங்கினார். (எரிமலை மூடிய ஊரல்ல, ஆள்.) இன்னொரு சுல்லா வருகிறான் என்று ரோம் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் படையைக் கலைத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். விதிப்படி நடந்த தளபதி. கேட்டது இரண்டு: கிழக்கில் செய்த ஏற்பாடுகளுக்கு ஒப்புதல், வீரர்களுக்கு நிலம். செனட் ஒன்றையும் தரவில்லை. எதிர்த்த செனட்டர்களில் லுகுல்லஸுக்குப் பழைய பகை, கேட்டோவுக்குக் கொள்கை, மெத்தெல்லஸுக்குக் குடும்ப வருத்தம். கி.மு. 60-இல் கொண்டுவந்த நில மசோதாவும் படுத்துவிட்டது. கடைசியில் கி.மு. 59-இல் கான்சலான சீசர்தான், எதிர்த்த சக கான்சல் பிபுலஸின் தலையில் சாணிக்கூடை கவிழ, அந்த நிலத்தை வாங்கிக்கொடுத்தார்.

எங்கள் பார்வையில் குடியரசு தோற்ற இடம் இந்த வாய்க்கால் அல்ல, அந்த மூன்று ஆண்டு இழுத்தடிப்பு. படையைக் கலைத்தவன் கையேந்தி நிற்பான் என்பதை செனட்டே எல்லாத் தளபதிகளுக்கும் கற்றுக்கொடுத்தது. அடுத்தவன் கலைக்கவில்லை.

அதற்காகச் சீசரைப் பாவப்பட்டவர் ஆக்கவேண்டாம். பதவியில்லாத ஒரு நாள் கிடைத்தாலும் எதிரிகள் வழக்குப் போட்டுவிடுவார்கள் என்பது அவர் பயம், தன்மானம் அவர் சொன்ன காரணம். மறுபக்கமும் சுத்தமில்லை. கி.மு. 50 டிசம்பரில் சீசர், பாம்பீ இருவருமே படையை விடவேண்டும் என்ற தீர்மானம் செனட்டில் 370-க்கு 22 என்று நிறைவேறியது. கான்சல் மார்செல்லஸ் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, பாம்பீயிடம் போய் வாளைக் கொடுத்தார். பாம்பீ முகாமிலேயே அடிக்கடி கேட்ட வாசகம் என்று சிசரோ எழுதியிருப்பது: "சுல்லாவால் முடிந்தது, என்னால் முடியாதா?" இதே சுல்லாவைப் பற்றி, பதவியை விட்டவர் அரசியலில் அரிச்சுவடி தெரியாதவர் என்று சீசர் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம்.

திரும்பும் வழியில் ரிமினியின் த்ரே மார்த்திரி சதுக்கம். சீசர் ஏறிப் பேசினார் என்று சொல்லப்படும் இடத்தில் ஒரு கல்தூண். முன்பு இது ஜூலியஸ் சீசர் சதுக்கம். 1944 ஆகஸ்ட் 16 அன்று இங்கே தூக்கிலிடப்பட்ட மூன்று எதிர்ப்புப் போராளிகளின் நினைவாகப் பெயர் மாற்றினார்கள்.

தெருவின் மறுகோடியில் கி.மு. 27-இல் அகஸ்டஸுக்குக் கட்டிய வளைவு. நகர வாயில்தான், ஆனால் கதவு போட முடியாத அகலம். இனி இங்கே படை வராது, கதவு எதற்கு என்று சொல்லும் கட்டடம். 22 ஆண்டு முன் இதே ஊருக்குள் படையோடு நுழைந்தவரின் வாரிசு சொல்வது.

நாள் 5: அர்ஜென்டினா, ஆரா பாச்சிஸ்

லார்கோ அர்ஜென்டினாவில் 2023 முதல் கீழே இறங்கி நடக்கப் பாதை உண்டு, 5 யூரோ. வட்டக் கோயிலுக்குப் பின்னால் தெரியும் கல் மேடை பாம்பீயின் கூரியாவின் மிச்சம். கி.மு. 44 மார்ச் 15 அன்று சீசர் விழுந்த இடம். சதியில் 60 பேருக்கு மேல். 23 குத்துகளில் மார்பில் விழுந்த இரண்டாவதுதான் உயிரைப் பறித்தது என்றார் மருத்துவர் அன்டிஸ்டியஸ். பூனைகளைப் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள். கொன்றவர்களுக்குக் குடியரசு தானாகத் திரும்பும் என்ற நம்பிக்கையைத் தவிரத் திட்டம் எதுவும் இல்லை. நிலம் கிடைக்குமா என்று நகரில் காத்திருந்த சீசரின் பழைய வீரர்களைப் பற்றி அவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை.

யோசித்தவர் 18 வயதுப் பையன் ஒருவர். சீசரின் தத்துப்பிள்ளை ஆக்டேவியன், பின்னாளில் பேரரசர் அகஸ்டஸ். சொந்தப் பணத்தில் படை திரட்டினார். கி.மு. 43-இல் 19 வயதில் கான்சல் பதவி கேட்டு நூற்றுவர் தலைவன் ஒருவனை செனட்டுக்கு அனுப்பினார். தயங்கினார்கள். அவன் மேலங்கியை விலக்கி வாளின் பிடியைக் காட்டி, நீங்கள் செய்யாவிட்டால் இது செய்யும் என்றான். அதே ஆண்டு இறுதியில் பட்டியல்கள் மறுபடி தொங்கின. சிசரோவின் தலையும் கையும் ஃபோர மேடையில் வைக்கப்பட்டன.

மதியம் ஆரா பாச்சிஸ், அகஸ்டஸ் கால அமைதிப் பலிபீடம். மெட்ரோவில் ஸ்பான்யா அல்லது ஃப்லமீனியோ நிறுத்தம். பலிபீடத்தைப் பார்க்கச் சீட்டு வேண்டும். ஆனால் இந்தப் பயணத்தின் முக்கியமான பொருள் வெளிச்சுவரில், ரிப்பெத்தா தெருப் பக்கம், காசில்லாமல் படிக்கலாம். அகஸ்டஸ் தன் வாழ்க்கைக் கணக்கைத் தானே எழுதியது, முழு லத்தீனில். அலைபேசியில் ஏதாவதொரு மொழிபெயர்ப்பைத் திறந்துவைத்துக்கொண்டு வரிசையாகப் பாருங்கள். தொடக்கமே அந்த 19 வயதுதான்: என் முடிவில், என் செலவில் படை திரட்டி, ஒரு கும்பலின் ஆதிக்கத்திலிருந்து குடியரசை விடுவித்தேன் என்கிறார். 34-ஆம் பத்தியில், மதிப்பில் எல்லோரையும் விஞ்சினேன், அதிகாரத்தில் சக பதவியாளரைவிடக் கூடுதல் இல்லை. முதல் வரி துணிச்சல், இரண்டாவது சாமர்த்தியம்.

நாங்கள் நிற்கச் சொல்வது 15 முதல் 17 வரையிலான பத்திகளில். பெரும்பாலோர் எண்கள் என்று தாண்டிவிடுவார்கள். வீரர்களுக்காக இத்தாலியில் நிலம் விலைக்கு வாங்க 60 கோடி செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு), மாகாணங்களில் 26 கோடி. படை நிதியத்துக்குத் தன் சொத்திலிருந்து 17 கோடி.

அந்த நிதியம் கி.பி. 6-இல் தொடங்கியது. லீஜியன் வீரன் பணி முடித்தால் 12,000 செஸ்டர்ஸ். அன்றைய ஆண்டுச் சம்பளம் 900 என்பதால், 13 ஆண்டுச் சம்பளத்துக்கு மேல். அவர் போட்ட 17 கோடி சுமார் 14,000 பேருக்குத்தான் வரும். ஆகவே தொடர் வருமானமாக, வாரிசுச் சொத்துக்கு 5 சதவீதமும் ஏல விற்பனைக்கு 1 சதவீதமும் வரி. நெருங்கிய உறவுக்கும் ஏழைக்கும் வாரிசு வரியில் விலக்கு. செனட்டர்கள் முணுமுணுத்தார்கள். வேறு வழி இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்றார். நிலவரிக்கு அளக்க ஆள் அனுப்புவதாகப் போக்குக் காட்டியதும் 5 சதவீதமே தேவலை என்று அடங்கிவிட்டார்கள்.

ஏற்பாடு ஓட்டையில்லாதது என்று சொல்ல முடியாது. பணம் மிச்சம்பிடிக்க வீரர்களை ஓய்வுக் காலம் தாண்டியும் வைத்திருந்ததால், கி.பி. 14-இல் டான்யூப், ரைன் கரைப் படைகள் கலகம் செய்தன. ஆனாலும் மாரியஸ் காலத்திலிருந்து நூறு ஆண்டாகக் கேட்ட கேள்விக்கு இதுதான் முதல் பதில். தொழில்நுட்பமாக இதில் புதுமை ஒன்றுமில்லை. 5 சதவீத வரியைக் குடியரசும் போட்டிருக்கலாம். போடவேண்டியவர்கள்தான் அதைக் கட்டவேண்டியவர்களும்.

பலிபீட ஊர்வலச் சிற்பத்தில் இருக்கும் முகங்கள் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கொங்குப் பகுதிப் புதையல்களில் கிடைத்த ரோமானியக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள்தான் ஏராளம். உயிரோடிருப்பவர் தலையை ரோம் நகரக் காசில் அடிக்கும் வழக்கம் சீசரின் கடைசி மாதங்களில் வந்தது. அதற்கு முன் செத்தவர்களும் தெய்வங்களும்தான்.

நாள் 6: காஸ்த்ரோ பிரெத்தோரியோ

மெட்ரோ பி வழித்தடத்தில் அதே பெயர் நிலையம். மேலே வந்ததும் செங்கல் மதில். கி.பி. 23-இல் காவல்படைத் தலைவர் செஜானஸ், நகரெங்கும் சிதறியிருந்த பேரரசரின் மெய்க்காவல் படையை ஒரே முகாமில் குவித்த இடம். இன்றும் உள்ளே ராணுவக் குடியிருப்பு, அதனால் உள்ளே விடமாட்டார்கள். படமெடுக்கும் முன் காவலரைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றி நடக்க அரை மணி போதும். நகரைப் பார்த்த பக்கச் சுவரை கி.பி. 312-இல் கான்ஸ்டன்டைன் இடித்துப் படையையே கலைத்தார். மிஞ்சியவை பெரும்பாலும் வெளிப்பக்கச் சுவர்கள்.

அகஸ்டஸின் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருந்தது. நிதியத்தை நிர்வகிக்க அதிகாரிகள் உண்டு, ஆனால் கஜானா யாருடையது என்று வீரனுக்குத் தெரியும். நூறு தளபதிகளிடம் சிதறியிருந்த விசுவாசம் ஒரே ஆளிடம் வந்தது. அந்த ஆள் செத்தால்?

கி.பி. 193 மார்ச் 28. பேரரசர் பெர்டினாக்ஸைக் கொன்ற காவல்படை, இந்த மதில்மேல் நின்று பேரரசை ஏலம் விட்டது. வீரர் ஒவ்வொருவருக்கும் 25,000 செஸ்டர்ஸ் என்று டிடியஸ் ஜூலியானஸ் எடுத்தார், சுமார் இரண்டு மாதம் ஆண்டார். படையோடு வந்து அவரை முடித்தவர் செப்டிமியஸ் செவரஸ், முதல் நாள் பார்த்த வளைவுக்காரர். மகன்களுக்கு அவர் கடைசியாகச் சொன்னதாக வரலாற்றாசிரியர் டியோ எழுதியிருப்பது: ஒற்றுமையாக இருங்கள், வீரர்களைப் பணக்காரர்களாக்குங்கள், மற்றவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். முதல் அறிவுரை என்ன ஆயிற்று என்பது வளைவின் நான்காம் வரியில் இருக்கிறது.

ஆனால் இங்கே நிற்கும்போது அதைவிட கி.பி. 41 ஜனவரிதான் உறுத்துகிறது. பேரரசர் கலிகுலா கொல்லப்பட்டார், வாரிசு முடிவாகவில்லை. செனட் கேபிடல் குன்றில் கூடி, குடியரசை மீட்பது பற்றி உண்மையாகவே விவாதித்தது. நகரக் காவல் பிரிவுகள் நான்கு அவர்கள் பக்கம் இருந்தன. அன்றிரவு காவலுக்கான அடையாளச்சொல்லைக் கான்சல்கள் கொடுத்தார்கள்: 'விடுதலை'. அதே நேரத்தில் இந்த முகாமில், திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்து பிடிபட்ட கலிகுலாவின் சித்தப்பா கிளாடியஸ், வீரர் ஒவ்வொருவருக்கும் 15,000 செஸ்டர்ஸ் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விடிவதற்குள் மறுபடி கூடிய செனட்டுக்கு வந்தவர்கள் நூறு பேருக்கு மேல் இல்லை. அடுத்து யாரை அமர்த்தலாம் என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அந்த நான்கு பிரிவும் கொடியைத் தூக்கிக்கொண்டு இந்த மதிலை நோக்கி நடந்தன.